அப்பாவின் 50 சதவீதம்

அப்பா எனக்கு விட்டுப்போனவை: கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் பாதி, 2017-இல் வாங்கிய வெள்ளை ஸ்விஃப்ட், பரம்பரைச் சர்க்கரை, அப்புறம் 50 சதவீத நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் போட்டு இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குக் கார் இன்சூரன்ஸில் கிடைக்கும் கழிவு. வீட்டின் மறுபாதி பஹ்ரைனில் இருக்கும் தம்பிக்கு. சர்க்கரையிலும் அவனுக்குப் பங்கு உண்டு. போனஸ் மட்டும் முழுசாக எனக்கு.

இப்படி ஒன்று வாரிசுக்கு வரும் என்பதே எனக்குத் தெரியாது. 2021 ஜூனில் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஏஜென்ட் மாமா வந்தார். அப்பாவோடு மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு இன்சூரன்ஸ் பார்க்கிறார். காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாப்பா, வண்டிய யார் வச்சிக்கப் போறீங்க?"

"நான்தான் மாமா."

"அப்ப சீக்கிரம் பேர் மாத்திடு. உங்கப்பா அம்பது வச்சிருக்காரு. வீணாப் போயிடும்."

பாலிசிதாரர் இறந்தால் பாலிசி அன்றைக்கே செத்துவிடாது. மூன்று மாதம், அல்லது பாலிசி முடிகிற தேதி, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசு தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போனஸ் சாதாரணமாக வண்டியோடு போகாது, ஆளோடுதான் போகும். நான் ஒரு பழைய கார் வாங்கினால், விற்றவர் பத்து வருஷம் க்ளைமே போடாத உத்தமராக இருந்தாலும் அவருடைய கழிவு எனக்கு வராது. இதற்கு விலக்கு சாவுதான். இறந்தவரின் வண்டி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இவர்களில் ஒருவர் கைக்கு வந்து அவரே ஓட்டப்போகிறார் என்றால், போனஸும் கூடவே வருகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தம்பியிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம், ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 31. அலைச்சல்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் பாலிசியில் என் பெயர் வந்தது. என் பெயருக்குக் கீழே, இன்சூரன்ஸ் பற்றி எதுவுமே தெரியாத எனக்கு, 50 சதவீதம் என்று அச்சடித்திருந்தார்கள்.

அந்த 50-ஐ அப்பா எப்படிச் சேர்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் வண்டி ஓட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் வரும். செம்மண்டலத்திலிருந்து சில்வர் பீச் போய்ச் சேர்வதற்குள் இரண்டு டவுன் பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் எங்களை முந்திவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் கரையேறுவதற்கு முந்தின சாயங்காலம், அப்போதிருந்த வேகன் ஆரை வாசல் தென்னையடியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் விட்டுவிட்டு நடந்து வந்தார். "காத்துல எவனாவது தள்ளிக்கிட்டுப் போவப் போறான்" என்று அம்மா சிரித்தாள். விடிந்து பார்த்தால் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் தென்னை குறுக்கே கிடக்கிறது. 2017-இல் அந்த வேகன் ஆரை விற்றபோது, போனஸை நிறுத்திவைத்துக்கொள்வதற்கான கடிதத்தைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, புது ஸ்விஃப்ட் பாலிசியில் அதைச் சேர்த்தார். அந்தக் கடிதம் மூன்று வருஷம் செல்லும். பலர் வண்டியை விற்றதோடு இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். புது வண்டிக்குப் பிரீமியம் அதிகம் என்பதால் கழிவும் அப்போதுதான் அதிகம். அப்பாவுக்கு அந்த ஒரு காகிதத்தில் ஏறத்தாழ 9,000 ரூபாய் மிச்சம்.

இந்தப் போனஸ் ஏறுகிற கணக்கு இப்படி. ஒரு வருஷம் க்ளைம் போடாமல் ஓட்டினால் அடுத்த ரினிவலில் 20 சதவீதம். இரண்டு வருஷம் தொடர்ந்தால் 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதோடு ஏணி முடிந்தது. பதினைந்து வருஷம் ஓட்டினாலும் 50தான். ஏற ஐந்து வருஷம் ஆகிற இடத்திலிருந்து இறங்க ஒரே ஒரு க்ளைம் போதும், பரமபதத்தில் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பெரிய பாம்பு மாதிரி.

ஆனால் 50 சதவீதம் என்று சொல்லும்போது எதில் 50 என்பதை யாரும் சொல்வதில்லை. நான் வேலை பார்ப்பது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். கணக்கு பார்த்துத்தான் சோறு. அப்படியிருந்தும் முதல் வருஷம் முழுப் பிரீமியத்தில் பாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்ட் பார்ட்டி பகுதிக்கு, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதிக்கு, இந்தக் கழிவு கிடையாது. அதன் விலையை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி என் வண்டி மாதிரி 1000-க்கு மேல் 1500 சி.சி.-க்குள் இருக்கும் காருக்கு 3,416 ரூபாய். நல்லா ஓட்டுகிறவருக்கும் அதே, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவருக்கும் அதே. கழிவெல்லாம் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியத்தில் மட்டும்.

இது தெரியாமல் நான் அந்த 50-ஐ அம்மாவின் தாலிக்கொடி மாதிரிப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் கீறல் விழுந்தால் எனக்கு வருத்தம் கீறலுக்காக இல்லை.

2022 செப்டம்பரில் இடித்துவிட்டேன். பாடலீஸ்வரர் கோயில் சன்னதி தெருவில் பூ வாங்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் ஒரு பெரியவர், நான் கேட்காமலே, "வா வா வா வா" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். டம் என்று சத்தம் வந்த பிறகு "போதும்" என்றார். கல் தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் ஒரு பக்கம் பிளந்து, பின் விளக்கு நொறுங்கியிருந்தது.

கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் 11,400 ரூபாய். பம்பர் 3,200, விளக்கு 1,400, பெயின்ட் 4,000, கூலி 2,800. "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் மேடம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று அந்தப் பையன் காகிதத்தை நீட்டினான். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, ராத்திரி சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில், க்ளைம் போட்டால் என்ன வரும்? பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றுக்கும் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். ஆக பம்பருக்கு 1,600, விளக்குக்கு 700. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருளின் விலையாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: 3,500 வரும். கூலி முழுசாக. மொத்தம் 8,600. இதில் ஒவ்வொரு க்ளைமுக்கும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து, 1500 சி.சி. வரைக்கும் அதுதான் கட்டாயக் கழிவு. கைக்கு வருவது 7,600.

அடுத்தது, க்ளைம் போட்டால் என்ன போகும்? இதைத்தான் யாரும் உட்கார்ந்து கூட்டிப்பார்ப்பதில்லை. அடுத்த ரினிவலில் எனக்கு 0, போடாமல் இருந்தால் 50. அந்த வருஷ நஷ்டம் 50. மறு வருஷம் 20-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் 30. அப்புறம் 25, 15, 5. ஆறாவது ரினிவலில் திரும்பவும் 50-க்கு வந்து சேர்ந்திருப்பேன். இந்த ஐந்தையும் கூட்டினால் 125. அதாவது கழிவுக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் எவ்வளவோ, அதைப்போல ஒண்ணேகால் மடங்கு. எனக்கு அது அப்போது 7,200. ஒண்ணேகால் மடங்கு 9,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 10,620. வருஷா வருஷம் வண்டி மதிப்பு இறங்குவதால் பிரீமியமும் இறங்கும், ஆகவே நிஜத்தில் ஒன்றிரண்டாயிரம் குறையலாம். குறைந்தாலும் 7,600-க்கு மேல்தான்.

எஸ்டிமேட்டைக் கிழிக்காமல் மடித்து வைத்தேன். மறுநாள் நெல்லிக்குப்பம் ரோட்டில் பாய் ஷெட்டுக்கு வண்டியை விட்டேன். பம்பரைப் புதுசு மாற்றாமல் பிளந்த இடத்தைச் சூடு வைத்து ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து, விளக்கு மட்டும் புதுசு போட்டு 6,500-க்கு முடித்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இன்றைக்கும் ஒட்டு தெரியும்.

இந்த ஒண்ணேகால் கணக்கு 50-இல் இருப்பவர்களுக்கு. வண்டி வாங்கி முதல் வருஷத்திலேயே இடிப்பவருக்கு அதே முறையில் போட்டால் அரை மடங்குதான் வரும், ஏனென்றால் அவர் இழப்பதற்கு இன்னும் ஒன்றும் சேரவில்லை. புது வண்டியில் க்ளைம் போடப் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவர்களுடைய பிரீமியம் முழுசு, தேய்மானமும் குறைவு. க்ளைம் போட வேண்டிய ஆள் அவர்கள்தான்.

கணக்குப் போட்டது நல்லதுதான், ஆனால் கூட்டிப் பார்த்ததில் பயம் கூடிவிட்டது. 2023 பிப்ரவரி ரினிவலில் ஏஜென்ட் மாமா 'என்.சி.பி. புரொடெக்ட்' என்று, நோ க்ளைம் போனஸைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன் ஒன்று இருப்பதைச் சொன்னார். பாலிசி வருஷத்தில் ஒரு க்ளைம் வரைக்கும் போட்டாலும் 50 அப்படியே நிற்கும். வரியோடு 612 ரூபாய். "என்ஜின் புரொடெக்டும் போட்டுடவா?" என்றார். அதற்கு ஆயிரத்துக்கு மேல். என்ஜினுக்கு என்ன ஆகப்போகிறது, வாரத்துக்கு நாலு நாள் ஆபீஸ் போய் வருகிற வண்டி. வேண்டாம் என்றேன். கழிவுக்குக் காவல் போட்டேன், காருக்குப் போடவில்லை. இப்படி எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியிலும் அதையேதான் செய்தேன்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. புதுச்சேரி ரெயின்போ நகரில் சித்தி தனியாக இருந்தாள். சித்தப்பா பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். புயல் வருகிறது என்றதும் துணைக்கு இருக்கலாம் என்று சாயங்காலம் கிளம்பிப் போனேன். புயல் வரும்போது தாழ்வான தெருவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போன மகளை அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அவர் இல்லை.

தானே புயலுக்கும் ஃபெஞ்சலுக்கும் வித்தியாசம் எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். தானே காற்று. பலா, முந்திரி எல்லாம் வேரோடு போனது. ஃபெஞ்சல் தண்ணீர். சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையேறிய புயல் அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சித்தி வீட்டு வாசற்படியில் தண்ணீர் நின்றது. இரண்டு மணிக்குள் கூடத்துக்கு வந்துவிட்டது. கரன்ட் இல்லை. நானும் சித்தியும் அரிசி மூட்டையையும் மிக்சியையும் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். வண்டி ஞாபகம் வந்தபோது மணி நாலு.

விடிந்ததும் மாடியிலிருந்து பார்த்தேன். வண்டியின் கண்ணாடிக்குக் கீழே கதவில் பாதி வரை காபி நிறத் தண்ணீர். உள்ளே கால்மிதி ரப்பர் ஒன்று மிதந்துகொண்டு, ஒவ்வொரு அலைக்கும் ஸ்டியரிங் கம்பத்தில் போய் முட்டி முட்டித் திரும்பியது. டாஷ்போர்டில் அப்பா ஒட்டிய சின்னப் பிள்ளையார் மட்டும் நனையாமல் இருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்றால், ஸ்டார்ட் செய்து தெருமுனை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று. சாவியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். சித்தி மாடியிலிருந்து கத்துகிறாள். வண்டிக் கதவு வரை போய்விட்டு, என்னவோ தோன்றிப் பாய்க்கு போன் போட்டேன். நல்ல வேளை, ஒரு கோடு சிக்னல் இருந்தது.

"அக்கா, சாவிய தொடாதீங்க." வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எடுத்து பாக்கெட்ல போடுங்க. தண்ணி வடிஞ்சதும் பானட்டத் தொறந்து பேட்டரி வயர கழட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க."

அப்புறம்தான் காரணம் சொன்னார். என்ஜின் சிலிண்டருக்குள் போக வேண்டியது காற்றும் பெட்ரோலும். காற்றைப் பிஸ்டன் அழுத்தும், அது சுருங்கும். தண்ணீர் போயிருந்தால் அழுத்தினாலும் சுருங்காது. பிஸ்டன் மேலே வரமுடியாமல் இடிக்க, கனெக்டிங் ராட் வளையும். அதோடு என்ஜின் போச்சு. கம்பெனிக்காரர்கள் இதைத்தான் வாகாகப் பிடித்துக்கொள்வார்கள்: வெள்ளம் வந்து நனைந்தது வெள்ளத்தால் வந்த சேதம், தருவோம், நனைந்த வண்டியை நீ ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தது நீயாக வரவழைத்துக்கொண்டது, தரமாட்டோம். என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இந்த ஓட்டையை அடைக்கத்தான். ஆயிரத்துச் சில்லறைக்கு நான் வேண்டாம் என்று சொன்னது.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து க்ளைம் பதிந்தேன். பதிவு எண் வந்தது, ஆள் வரவில்லை. வர வழியும் இல்லை. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டிருந்தார்கள். புதுச்சேரியில் வானத்திலிருந்து வந்த தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது கடலூருக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தது. நான் வீட்டுக்குத் திரும்பவே நாலு நாள் ஆயிற்று. ரெக்கவரி வண்டிக்காரர் ஐந்தாம் நாள் வந்தார். ஒரே தெருவில் ஒன்பது கார் ஏற்ற வேண்டியிருந்ததாம்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார். கதவின் உள்பக்கத் துணியில் சேறு விட்டுப்போன கோட்டை விரலால் தடவிக் காட்டி, அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து படம் எடுத்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே காய்ந்துதான் இருந்தது. "ஸ்டார்ட் பண்ணீங்களா?" "இல்ல சார்." என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவர் அந்த வாரத்தில் கேட்ட பதில்களில் அது அபூர்வமாக இருந்திருக்க வேண்டும்.

சீட், தரைவிரிப்பு, வயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார், கதவுக் கண்ணாடி மோட்டார், மின்னணுப் பெட்டிகள் இரண்டு, பிரேக். மொத்தம் 78,000. தேய்மானம், எண்ணெய் வகைகள், முதல் 1,000 எல்லாம் போக 44,000 வந்தது. மீதி 34,000 என் கையிலிருந்து. ஏழு வயசு வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி பொதுவாகத் தரமாட்டார்கள், ஆகவே இதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

இப்போது அந்த 50-க்கு வருகிறேன்.

2025 பிப்ரவரியில் ரினிவல் காகிதம் வந்தது. போனஸ்: 50 சதவீதம். புரொடெக்ட் வேலை செய்தது. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று வந்தது. அப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தேன். கழிவுக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் போன வருஷம் 5,800. இந்த வருஷம் 7,000. வண்டிக்கு ஒரு வயசு கூடியிருக்கிறது, மதிப்பு இறங்கியிருக்கிறது, பிரீமியம் மட்டும் ஏறியிருக்கிறது.

ஓ.டி. பிரீமியத்துக்கு அரசு வைத்த விலைப்பட்டியல் 2007 ஜனவரியோடு போய்விட்டது. அன்றிலிருந்து கம்பெனி தன் இஷ்டப்படி வைக்கலாம். கழிவின் படிகள் அப்படியே 20, 25, 35 என்று நிற்கின்றன. எந்தத் தொகையில் கழிக்கிறார்கள் என்பது மட்டும் ஆளுக்கு ஆள், வருஷத்துக்கு வருஷம் மாறும். புரொடெக்ட் காப்பாற்றுவது சதவீதத்தை. பிரீமியத்தைக் காப்பாற்றுவதாக அந்தப் பாலிசியில் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை, நான்தான் அப்படிப் படித்துக்கொண்டேன். தீபாவளித் தள்ளுபடிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில் விலைச்சீட்டு மாறுவது மாதிரி.

கோபத்தில் வேறு கம்பெனியில் விலை கேட்டேன். கழிவுக்கு முன் 5,200 என்றார்கள். ஆனால் போன வருஷம் க்ளைம் இருப்பதால் அங்கே எனக்கு 0. என் பாலிசியின் நுணுக்க எழுத்தைப் படித்தால், புரொடெக்ட் செல்வதே அதே கம்பெனியில் புதுப்பித்தால்தான் என்று இருக்கிறது. காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறேன், அவன் வாசலைப் பூட்டிக்கொண்டு என்னை உள்ளே வைத்திருக்கிறான்.

பழையபடி ராத்திரி, பழையபடி தட்டுக் கழுவாமல் கணக்கு. இங்கேயே இருந்தால் 7,000-இல் பாதி, வருஷம் 3,500. இரண்டு கம்பெனியும் விலையை மாற்றாது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்துக்கு 17,500. அங்கே போனால் முதல் வருஷம் 5,200, பிறகு 20 சதவீதம் போக 4,160, 25 போக 3,900, 35 போக 3,380, 45 போக 2,860. கூட்டினால் 19,500. வித்தியாசம் 2,000, வரி சேர்த்து 2,360. இதற்காக நான் இரண்டு வருஷம் கட்டிய புரொடெக்ட் பணம் 1,224. அப்பாவின் 50 சதவீதத்தைப் புயலிலிருந்து காப்பாற்றிக் கொடுத்ததில் நான் சம்பாதித்தது ஆயிரத்து நூற்று முப்பத்தாறு ரூபாய். ஏஜென்ட் மாமாவிடம் சொன்னேன். "பரவால்ல பாப்பா, நஷ்டம் இல்லையே" என்றார்.

இடையில் ஒரு குறுக்கு வழியும் கண்ணில் பட்டது. வேறு கம்பெனியின் தளத்தில் விலை கேட்கும்போது 'போன வருஷம் க்ளைம் உண்டா' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்பதை அமுக்கினால் 5,200 அப்படியே 2,600 ஆகிறது. யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஆபீசிலேயே ஒருவர் அப்படி அமுக்கியிருக்கிறார். அந்தப் பட்டனுக்குக் கீழே ஒரு உறுதிமொழி இருக்கிறது: சொன்னது பொய்யானால் வண்டிச் சேதத்துக்கான உரிமை முழுவதையும் இழப்பேன் என்று. மறு வருஷம் விழுப்புரம் பைபாஸில் அவர் வண்டி லாரியில் உரசியது. கம்பெனி பழைய கம்பெனியிடம் ஒரு வரி கேட்டது, பதில் வந்தது, க்ளைம் மறுக்கப்பட்டது. மிச்சம் பிடித்தது இரண்டாயிரத்துச் சில்லறை, கைவிட்டது அறுபதாயிரம். இப்போது அவர் ஊரில் எல்லோருக்கும் இந்தக் கேள்விக்கு உண்மை சொல்லும்படி அறிவுரை சொல்கிறார்.

மறதியிலும் போனஸ் போகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் ஒரு க்ளைமும் போடாமலே 50 பூஜ்யமாகிவிடும். வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது, அப்புறம் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இது நடக்கிறது. ஏஜென்ட் மாமா இதற்காக ஒரு தினசரி நாட்காட்டி வைத்து, தாள் தாளாக ஆட்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கிழிக்கிற தாளில் பெயர் இருந்தால் போன்.

2025 ரினிவலில் அதே கம்பெனியிலேயே இருந்தேன், புரொடெக்ட் மட்டும் எடுக்கவில்லை. வண்டி வயசைச் சொல்லி அதன் விலையை வரியோடு 900-க்குக் கொண்டுபோய்விட்டார்கள். க்ளைம் போட்டால் அதிகபட்சம் போவது 7,000-க்கு ஒண்ணேகால், வரியோடு பத்தாயிரத்துச் சொச்சம். பதினோரு வருஷத்துக்கு ஒரு பெரிய க்ளைமாவது வந்தால்தான் 900-க்குக் கட்டுபடி. அப்பா காலத்தையும் சேர்த்து எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் வந்தது ஒன்று. "உங்கப்பா அம்பதுக்குக் காவல் இல்லாம வுட்டியே" என்றார் மாமா, பாதி விளையாட்டாக. என்ஜின் புரொடெக்ட் கேட்டேன். அதற்கும் வண்டி வயசாகிவிட்டதாம். அந்தக் கதவு மூடிவிட்டது.

ஐப்பசி மழை வந்தது. வானிலை அறிக்கையில் ஆரஞ்சு என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலம், ஆபீஸ் முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கேப்பர் மலைக்குப் போனேன். எங்கள் ஆபீசில் டைப்பிங் பார்க்கும் அக்காவுக்கு அங்கே வீடு, பக்கத்தில் காலி மனை. கடலூரில் எந்த ஆற்றுத் தண்ணீரும் ஏறி வராத செம்மண் மேடு. தென்னை இருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்று இருந்தது, அதைவிட்டுத் தள்ளி நிறுத்தினேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். பிள்ளையாரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ்ஸில் மஞ்சக்குப்பம் திரும்பினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.